பழைய எண்ணுக்குப் போன பதில்கள்

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு டெலெக்ஸ் நிலையத்தில் வேலை பார்த்தேன். சொந்தமாக டெலெக்ஸ் இயந்திரம் வைத்துக்கொள்ள முடியாத சின்னக் கம்பெனிகளுக்கு எங்கள் நிலையம்தான் வெளிநாட்டு வாசல். எங்கள் எண்ணைத்தான் அவர்கள் தங்கள் லெட்டர்ஹெட்டில் அச்சடித்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் செய்தி எங்கள் இயந்திரத்தில் கடகடவென்று அச்சாகும். அதைக் கிழித்து, யாருக்கு வந்தது என்று பார்த்து, போனில் வாசித்துக் காட்டுவோம். அவர்கள் சொல்லும் பதிலைத் தட்டி அனுப்புவோம்.

முதலில் நிலையம் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பிறகு முதலாளி ஷென்டன் வேயில் ஒரு பெரிய கட்டடத்துக்கு மாற்றினார். தரையில் கம்பளம், குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. அவர் சீனர், நாற்பது வயதிருக்கும். கெட்டவரில்லை, ஆனால் எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர். பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்கியதால் எங்கள் டெலெக்ஸ் எண்ணும் மாறியது. அதைப்பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை. காலையில் மின்தூக்கியில் உடுப்பு கசங்காமல் மேலே போவதிலேயே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நானும் அம்மாவும் அப்போதுதான் கிளமெண்டிக்குக் குடிபோயிருந்தோம். அப்பா இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து நகரத்துக்கு வருவோம். அம்மா யாரிடமும் அதிகம் பேச மாட்டார். பூசை முடிந்ததும் படியிறங்கி நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார். ஆகவே நாங்கள் எந்த வட்டாரம், நான் எங்கே வேலை என்பதெல்லாம் அங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

அந்த வருடம் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு குழு கிளம்பியது. பெரும்பாலும் வயதான பெண்கள். அம்மாவும் பெயர் கொடுத்தார். ஏற்பாடு முழுவதும் சிராங்கூன் ரோட்டில் டிராவல் ஏஜென்சி வைத்திருந்த ஒருவர் கையில் இருந்தது. அவர் எங்கள் நிலையத்தின் வாடிக்கையாளர். மெட்ராஸில் இரண்டு நாள் தங்குவதற்கு ஒரு விடுதியைக் கேட்டு அவர் போனில் சொல்லச் சொல்ல, செய்தியைத் தட்டி அனுப்பியது நானேதான். அம்மாவுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது. அதை அம்மா ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். "ஒரு பெண்மணிக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும், முட்டிவலி" என்று கடைசி வரியில் நான் தட்டியது என் அம்மாவைப் பற்றி. அது அந்த மனிதருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

விடுதிக்காரர்கள் முன்பே கடிதத்தில் சம்மதம் சொல்லியிருந்தார்கள். டெலெக்ஸில் கடைசி உறுதி மட்டும் வர வேண்டும். அது வரவில்லை.

"என்னம்மா, மெட்ராஸ்லருந்து ஒண்ணும் வரலையா?" என்று தினமும் போன் செய்தார்.

"இல்லண்ணே. வந்தா உடனே கூப்புடுறேன்."

"உங்க லைன்ல ஏதும் கோளாறா இருக்கப்போவுது. கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். கீழ்த்தளத்தில் ஒரு கப்பல் கம்பெனி இருந்தது. அங்கிருந்த ஆபரேட்டர் பெண்ணிடம் ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன், உடனே வந்தது. லண்டனிலிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும் காலை முழுவதும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. மெட்ராஸுக்கு நான் மறுபடி அனுப்பியதும் ஒழுங்காகப் போனது. டெலெக்ஸில் ஒரு வசதி உண்டு. இணைப்புக் கிடைத்ததும் 'நீ யார்' என்று கேட்கும் விசையைத் தட்டினால், அந்தப் பக்கத்து இயந்திரம் தன் பெயரைத் தானே அச்சடித்துக் காட்டும். ஆன்சர்பேக் என்போம். விடுதிக்குப் பக்கத்து ஓட்டலின் டெலெக்ஸ் வழியாகத்தான் எல்லாம் போய்வந்தது. அந்த ஓட்டலின் ஆன்சர்பேக் சரியாக வந்தது. முதலாளியிடம் சொன்னேன். நம் பக்கம் குறையில்லை என்று சொல்லிவிடு என்றார்.

"எங்க மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. அந்தப் பக்கம்தான் ஏதோ," என்று சொன்னேன்.

"சரி விடும்மா. கடுதாசிதான் கையில இருக்கே," என்றார் அவர். குழு கிளம்பியது. அம்மாவை விமானநிலையத்தில் விட்டுவிட்டு நான் நேரே வேலைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அந்த மனிதர் எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பு சந்து மாடிக்கு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, சாப்டியா?" என்று கேட்பவர். அன்று செருப்போடு கம்பளத்தில் நடந்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

விடுதியில் அறை இல்லையாம். கூரை வேலை நடக்கிறது, வேறு இடம் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டு அவர்கள் பலமுறை டெலெக்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லாததால் குழு வராது என்று விட்டுவிட்டார்கள். இறங்கிய பெண்கள் பெட்டியும் கையுமாக எழும்பூர் ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் இரவைக் கழித்திருக்கிறார்கள். குழுத் தலைவர் டிரங்க் கால் போட்டு அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

"மெஷின் நல்லாருக்கு, மெஷின் நல்லாருக்குன்னு சொன்னியே! நம்ம பொம்பளைங்க ஸ்டேஷன் தரையில படுத்துக் கெடந்தாங்க. நீ இங்க ஏர்கான்ல உக்காந்துக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்றே. நீயும் தமிழ்ப் பொண்ணுதானே? இவங்கிட்ட வேலை பாக்க ஒனக்கு வெக்கமா இல்ல?"

அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வேண்டுமென்றேதான் தமிழில் கத்தினார். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி தன் அறையிலிருந்து வந்து, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

பயணிகளுக்கு அறை கிடைக்கவில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அத மட்டும் சொல்லாத," என்றார் அந்த மனிதர். "நான் சொன்னது அத்தனையும் சொல்லு. வெக்கமா இல்லையான்னு கேட்டேன்ல, அதையும் சேத்துச் சொல்லு."

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் வேலை பார்க்க எனக்கு வெட்கமாக இல்லையா என்று இவர் கேட்கிறார் என்று, என் குரல் எனக்கே கேட்காத அளவில், முதலாளியிடம் சொன்னேன். அவர் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் திட்டியதையே நான் மொழிபெயர்த்துச் சொன்னது அந்த ஒருமுறைதான். திட்டு வாங்கியதைவிட அதைச் சொல்வதற்குச் சரியான ஆங்கிலச் சொல்லைத் தேடியதுதான் என்னைக் கூசவைத்தது.

என் அம்மாவும் அந்த ஹாலில்தான் கிடந்தார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. "ஒக்காருங்கண்ணே, இப்ப பாக்குறேன்," என்று மட்டும் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

மெட்ராஸ் ஓட்டலைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்து ஆபரேட்டரிடம், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள், அப்போது என்ன ஆன்சர்பேக் வந்தது, இரண்டையும் அப்படியே தட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அச்சாகி வந்தது. எண் எங்களுடைய பழைய எண். ஆன்சர்பேக்கில் இருந்தது நான் கேள்விப்படாத ஒரு பெயர். அந்த ஆபரேட்டர் ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டைப் பார்த்து எண்ணைத் தட்டியிருக்கிறார். எதிரே ஏதோ ஓர் இயந்திரம் பதில் சொன்னது, அவர் பெயரைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நானே அந்தப் பழைய எண்ணைக் கூப்பிட்டு, 'நீ யார்' விசையைத் தட்டினேன். அதே பெயர் வந்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்த எண், முறைப்படி வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. என் சோதனைகள் எல்லாம் புதிய எண்ணைத் தெரிந்தவர்களிடமிருந்து வந்தவை. அவர்களுக்கு வழி சரியாகத்தான் இருந்தது. தெரியாதவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு எவ்வளவு சோதித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதலாளியிடம் காட்டினேன். எண் மாறியபோது, வெளிநாட்டுக்காரர்களுக்கு நாங்களே தெரிவித்துவிடுகிறோம் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் தெரிவித்தாயிற்று, இந்தியாவை அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பக்கத்தில் நின்ற டிராவல் ஏஜென்சிக்காரருக்கு அது காதில் விழுந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை.

"இந்தியா அப்புறம்," என்று தமிழில் என்னிடம் சொன்னார். "கேட்டுக்கிட்டியா?"

மெட்ராஸுக்குத் தட்ட ஆரம்பித்தேன். எங்கள் புதிய எண்ணைக் கொடுத்து, வேறு இடம் உடனே வேண்டும் என்றேன். அன்று மதியத்துக்குள் சாந்தோம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. எல்லா அறைகளும் கீழ்த்தளம். உறுதிச் செய்தியைக் கிழித்து அந்த மனிதரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை, வேறு நிலையத்துக்கு மாறிவிட்டார்.

வழி தவறிப்போன மற்ற செய்திகளையும் வாங்கிவர முதலாளி மறுநாள் என்னை ஜூரோங்குக்கு அனுப்பினார். அந்த எண்ணை இப்போது வைத்திருந்தது உறைய வைத்த இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. ஆபீஸுக்குள் நுழையும்போதே மீன் வாடை. தலையில் துணி கட்டிய ஒரு மலாய் அம்மா டெலெக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்லவேளை வந்தாய், உங்கள் ஆட்கள் எங்களை விடவே மாட்டேன் என்கிறார்கள் என்று மலாயில் சொன்னார். தவறான எண் என்று அவரும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்திருக்கிறார். எதிரில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சில தாள்களின் பின்பக்கத்தில் இறால் எடை எழுதிக் கூட்டியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவர் அவற்றை அடுக்கிக் கொடுத்தார். மேலே இருந்தது மெட்ராஸ் விடுதியின் செய்தி. எங்கள் வேண்டுகோளை அப்படியே மேற்கோள் காட்டி, அதற்குக் கீழே பதில் கேட்டிருந்தார்கள்.

"அந்த முட்டிவலி மாக்சிக்குக் கீழே ரூம் கிடைத்ததா?" என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். வயதான பெண்களை மாக்சி என்பார்கள். "நாங்கள் தினமும் பேசிக்கொள்வோம், பாவம், என்ன ஆனாரோ என்று."

பின்னாலிருந்த சீனக் கணக்கரும் பேனாவை வைத்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். முகம் தெரியாத இந்த இருவரும் என் அம்மாவின் முட்டியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் மெஷின் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது என்றேன். ஸ்டேஷன் தரையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் சந்தோஷப்பட்டு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பது பெரும்பாடாக இருந்தது.

அம்மா திரும்பி வந்தபோது முட்டி வீங்கியிருந்தது. டாக்ஸியில் வரும்போது மெல்லக் கேட்டேன்.

"மெட்ராஸ்ல ரொம்பக் கஷ்டமாம்மா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மாதா தரிசனம் கெடச்சுது, வேற என்ன வேணும்?"

"ஸ்டேஷன்ல படுத்தீங்களாமே. அது எங்க ஆபீஸ் நம்பர் மாறினதால வந்தது. நான்..."

"அத விடு," என்றார் அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பயணம் போய்வந்தவர்களுக்கு மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். ஜெபமாலைக் கூட்டங்களை நடத்தும் ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் அந்தக் குழுவில் போனவர்.

"நீ பேங்க்ல டைப்பிஸ்ட்டாமே? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எவ்ளோ அமைதி! எந்த பேங்க்?"

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். "யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உங்கம்மாதான். ஸ்டேஷன்ல வச்சு."

மண்டபத்தின் அந்தக் கோடியில் அம்மா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை. ஏதோ ஒரு பேங்க்கின் பெயரைச் சொல்லாமல், சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சில வாரங்கள் அப்படியே போயின. அம்மா முன்னால் நடந்துவிட்ட பிறகு, கோயிலில் பார்க்கிறவர்கள் என்னை பேங்க் பொண்ணு என்றார்கள். ஒருநாள் அந்த அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அவருடைய மகள் டைப்பிங் முடித்திருக்கிறாள், உங்கள் பேங்க்கில் இடம் இருந்தால் சொல் என்று கெஞ்சுவதுபோல் கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, நான் பேங்க்ல இல்ல. ஒரு டெலெக்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். உங்களுக்கு மெட்ராஸ்ல ரூம் இல்லாமப் போச்சே, அந்த ஆபீஸ்தான்."

அக்கா என் கையை விட்டுவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் போன போக்கு வேறு மாதிரி இருந்தது.

"ஐயோ," என்றார். "அன்னைக்கு அந்த ஹால்ல அந்த ஆபீஸ்காரங்களை நாங்க பேசாத பேச்சு இல்லம்மா. சோத்துக்கு வேலை செய்றாங்களா, இல்ல தூங்குறாங்களான்னு. உங்கம்மாவும்தான் பேசினாங்க."

"அம்மாவா?"

"ஆமா. எப்பவும் வாயே தெறக்க மாட்டாங்களேன்னு எங்களுக்கே ஆச்சரியம். எங்க எல்லாரையும்விட சத்தமா. இவங்கல்லாம் நல்லாவே இருக்க மாட்டாங்கன்னு..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். "அப்புறம் ஒருத்தவங்க, உங்க மக எங்க வேலைன்னு கேட்டாங்க. பேங்க்குன்னு சொன்னாங்க."

அக்காவுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீ மனசுல வச்சுக்காத. கால் வலியில, பயத்துல சொன்னது. என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நான் அம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையாட்டினார். மகளின் வேலையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அம்மா சொன்னது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு பேர் திட்டும்போது தானும் திட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். மகளுக்கு அங்கேதான் வேலை என்பதை மறைக்கக் குரலை உயர்த்தியிருப்பார். இதெல்லாம் யோசித்தால் புரிகிறது. ஆனால் நல்லாவே இருக்க மாட்டாங்க என்ற வார்த்தையை அம்மாவின் குரலில் கற்பனை செய்து பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. என்னைப் பெற்றவரையே அப்படிப் பேசவைக்கிற இடத்தில் நான் தினமும் போய் உட்கார்ந்திருந்தேன். இந்தியாவின் எண்களுக்கெல்லாம் புதிய எண்ணைத் தெரிவிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்தேன். எதிர்ப்பக்கம் ஒவ்வொருவரையும் எங்கள் ஆன்சர்பேக்கைப் படித்துத் திருப்பித் தட்டச் சொன்னேன். முதலாளி என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டில் சொல்ல வழியில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு என்று ஞாபகம். பூசை முடிந்து வாசலில் புதிதாக வந்திருந்த ஃபாதர் எல்லோரோடும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. பின்னால் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"மக என்ன பண்றாங்க?" என்று ஃபாதர் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஃபாதரைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"பேங்க்ல டைப்பிஸ்ட், ஃபாதர்," என்றேன் நான்.

"வெரி குட்," என்றார் ஃபாதர். அக்கா குனிந்து தன் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அந்தப் பதிலை நான் அவரிடமிருந்து ஒருபோதும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

படியிறங்கி அம்மா எனக்கு முன்னால் நடந்தார். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. "அம்மா, மெதுவா," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் போய், இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். கிளமெண்டி வரும்வரை என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.